கேட்டிருந்தால்

ஜூன் 3

அத்தைக்கு,

நலம் விசாரித்துவிட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்பார்கள். கை ஒடிந்து என் வீட்டை விட்டு மகள் வீட்டுக்குப் போனவரிடம் நானே நலம் விசாரித்தால் நன்றாகவா இருக்கும்? அதனால் நேராகவே கேட்கிறேன். மணிக்கட்டு வலி குறைந்திருக்கிறதா? கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுக்கச் சொன்னாரே டாக்டர், அப்படிப் படுக்கிறீர்களா?

போனில் கேட்டிருக்கலாம். கேட்டும் பார்த்தேன். முதல் தடவை உங்கள் மாப்பிள்ளை எடுத்து, "தூங்குறாங்க" என்றார். அடுத்த தடவை நீங்களே எடுத்தீர்கள். என்னவோ சொன்னீர்கள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டீர்கள். அத்தை, அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் எனக்கு எங்கிருந்துதான் வருமோ, அப்படி ஒரு ஆத்திரம் வரும். அது உங்களுக்கும் தெரியும். போனை வைத்த பிறகு சமையலறைச் சுவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் கத்தினேன். சுவரோடு போகட்டும் என்றுதான் இனிமேல் கடிதம்.

அன்றைக்கு நான் பேசியது தப்பு. குளியலறைத் தரையில் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் தூக்கி விடுவதற்கு முன்னால், "வாயில என்ன அடைச்சா வச்சிருக்கீங்க? ஒரு குரல் கொடுத்திருந்தா வந்திருக்க மாட்டேனா?" என்று கத்துகிறேன். கீழ்வீட்டு அம்மா படியேறி வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தியிருக்கிறேன். கம்பெனியில் ஒவ்வொரு பாட்டிலாக வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி விரிசல் பார்க்கும்போது, அந்தக் காட்சிதான் கண்ணில் வந்து நிற்கிறது. நீங்கள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தாது.

நான் கல்யாணமாகி வந்தபோது இப்படி இல்லை. உங்களுக்கே தெரியும். இரண்டு மூன்று வருஷமாகத்தான் தொட்டதற்கெல்லாம் வள்ளென்று விழுகிறேன். காலையில் நன்றாகத்தான் இருக்கிறேன். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் யார் வாயைத் திறந்தாலும் உடம்பு முழுக்க எரிகிறது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், தைராய்டு பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறதாம். அப்படியானால் குணம்தான் கெட்டுவிட்டது போலிருக்கிறது. அதற்கு எந்த மாத்திரையும் எழுதித் தரவில்லை.

மன்னித்துவிடுங்கள். கேட்கக்கூடாதுதான், இருந்தாலும் மனசு கேட்கவில்லை. விழுந்ததும் நீங்கள் ஏன் என்னைக் கூப்பிடவில்லை? அந்த அளவுக்கா என்மேல் வெறுப்பு?

உங்கள் மருமகள்


ஜூன் 8

மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. கை பரவாயில்லை. இடது கையாகப் போனதால் எழுத முடிகிறது.

"ஏன் கூப்பிடவில்லை" என்று கேட்டிருக்கிறாய். கூப்பிட்டேன். உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. நீ டீயை ஆற்றுகிற சத்தமும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த சத்தமும் எனக்குக் கேட்டன. நீ டீயைக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அதன் பிறகு துண்டு எடுக்க வந்தாய். அப்போதுதான் என்னைப் பார்த்தாய். நீ செய்ததெல்லாம் எனக்குக் கேட்டிருக்கிறது, நான் கூப்பிட்டது மட்டும் உனக்குக் கேட்கவில்லை என்றால் நான் என்னவென்று நினைப்பது?

எனக்குச் சத்தமாகப் பேச வராது. இந்த வயதில் வரவும் போவதில்லை. முப்பது வருஷம் நூலகத்தில் உட்கார்ந்தவள். புத்தகத்தை மேஜையில் ஓசைப்படாமல் வைப்பதற்குக்கூடப் பழகியவள். 'உஷ்' அம்மா என்றுதான் அங்கே எனக்குப் பெயர். மின்விசிறி கிறீச்சிட்டால் அதையும் முறைப்பேன் என்று கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவளுக்கு நீ வந்து வாய்த்தாய். உப்பு கேட்பதும் சண்டைக்குக் கூப்பிடுவதும் உன்னிடம் ஒரே குரல்தான். "அத்தை, டீ வேணுமா" என்று நீ கேட்டால் நான் என்ன தப்புச் செய்தேன் என்று யோசிக்கத் தோன்றும்.

நடந்ததை மகளிடம் சொன்னேன். மறைப்பானேன்? அவள் தன் அண்ணனிடம் சொல்லியிருப்பாள். நீ வருத்தப்படாதே. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

அத்தை


ஜூன் 15

அத்தைக்கு,

குறையில்லாமல் இருங்கள். இங்கே உங்கள் மகன் துறைமுகத்திலிருந்து போன் செய்தார். மாதம் ஒருமுறைதான் கப்பல் கரையைத் தொடுகிறது, தொட்டதும் கேட்ட முதல் கேள்வி இது: "எங்கம்மா தரையில கிடந்து கூப்பிட்டிருக்காங்க. நீ டீ குடிச்சிட்டு இருந்திருக்க. அப்படித்தானே?"

நான் என்ன சொல்ல? "கூப்பிடவே இல்லைங்க" என்றேன். "அப்போ அம்மா பொய் சொல்றாங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவர் கத்தவில்லை. ஆகஸ்டில் லீவுக்கு வரும்போது நேராகத் தங்கை வீட்டுக்கே போய்விடப் போவதாகச் சொன்னார். இந்த வீட்டுக்கு வருவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம் என்றார். கப்பலில் சமையல்காரராக நூறு பேரின் வசவைச் சிரித்துக்கொண்டே கேட்கிற மனுஷன் அவர். அவரே இவ்வளவு நிதானமாகப் பேசினால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்களாம். திரும்பத் திரும்பக் கூப்பிட்டீர்களாம். எனக்கு என்ன கல்லு மனசா, கேட்டுக்கொண்டே டீ குடிக்க? கோபத்தில் வாய் நீளும், ஒத்துக்கொள்கிறேன். விழுந்து கிடக்கிறவரை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற ஜென்மம் நான் இல்லை. நீங்கள் கூப்பிடவில்லை. எந்தச் சாமி முன்னால் வேண்டுமானாலும் சொல்வேன்.

எனக்கு நேரம் சரியில்லையோ என்னவோ, கம்பெனியிலும் இதே கதைதான். பாட்டில் ஓடுகிற பெல்ட்டை நான் நிறுத்த வேண்டுமானால் எங்கள் மேஸ்திரி விசில் ஊதுவார். நேற்று ஊதவே இல்லை. பாட்டில்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வெடித்து, என் பக்கத்தில் நிற்கிற பெண்ணுக்கு முழங்கைக்குக் கீழே கிழித்துவிட்டது. மேஸ்திரி என்னிடம் வந்து குதிக்கிறார். "ஊதினாத்தானே நிறுத்துவேன்" என்று நானும் விடவில்லை. அடிபட்டவள் உட்பட வரிசையில் இருக்கிற எல்லாரும், ஊதினார், ஊதினார் என்கிறார்கள். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அவளும் சேர்ந்துகொண்டதுதான் ஆறவில்லை.

ஒரே மாதத்தில் இரண்டு இடத்தில் பொய்ச்சாட்சி. வீட்டில் நீங்கள், அங்கே அவர்கள்.

மருமகள்


ஜூன் 19

மருமகளுக்கு,

விசிலைப் பற்றி நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

காது டாக்டரிடம் போ. தள்ளிப்போடாதே, இந்த வாரமே போ. போய்விட்டு வந்து என்ன சொன்னார்கள் என்று எழுது. வேறு எதையும் இப்போது என்னிடம் கேட்காதே.

அத்தை


ஜூன் 28

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் சொன்னபடி போனேன். வீம்புக்குத்தான் போனேன். காதில் ஒன்றும் இல்லை என்று எழுதி வாங்கி, ஒன்று உங்களுக்கும் ஒன்று மேஸ்திரிக்கும் அனுப்புவதாக இருந்தேன்.

ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் மெத்தை மாதிரி இருக்கிறது. தலையில் எதையோ மாட்டிவிட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். ஆரம்பத்தில் ஏதோ கேட்டது, அழுத்தினேன். பிறகு வெகுநேரம் ஒன்றுமே இல்லை. சோதனை செய்கிற பெண் வேறு வேலையாக இருக்கிறாள் போலிருக்கிறது என்று கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. குனிந்து எதையோ திருகிக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அத்தனை நேரமும் சத்தம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

இரண்டு காதிலும் போயிருக்கிறதாம். பாட்டில் உரசுகிற சத்தத்தில் வருஷக்கணக்காக நின்றதால் வந்ததாம். கம்பெனியில் காதில் வைக்கக் கொடுத்ததை வைத்துக்கொள்வதில்லையா என்று கேட்டார்கள். வைத்தால் மேஸ்திரி கூப்பிடுவது கேட்காதே என்று நாங்கள் யாருமே வைப்பதில்லை. அதைச் சொன்னபோது எனக்கே சிரிப்பும் அழுகையும் வந்தது. கூர்மையான சத்தமும் மெல்லிய சத்தமும்தான் முதலில் போகுமாம். விசில், குருவி, ரகசியக் குரல் எல்லாம் அதில் சேர்த்தி. கதவை அறைவது, வண்டி போவது, பாத்திரம் விழுவது எல்லாம் கேட்டுக்கொண்டே இருக்குமாம். அதனால் நமக்குச் சந்தேகமே வராதாம். மற்றவர்கள்தான் முணுமுணுப்பதாகத் தோன்றுமாம்.

எரிச்சலைப் பற்றி நானாகச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணே கேட்டாள். "சாயந்திரமானா யாரைப் பார்த்தாலும் எரிஞ்சு விழணும்போல இருக்கா?" எப்படித் தெரியும் என்றேன். "பாதி வார்த்தைதான் உங்க காதுக்கு வருது. மீதியை நாள் பூரா நீங்களே யோசிச்சு யோசிச்சுப் போட்டுக்கறீங்க. களைச்சுப் போகாதா? குழந்தை தூக்கத்துக்கு அழுதா அதைக் கெட்ட குழந்தைன்னா சொல்லுவோம்?" என்றாள். அத்தை, இத்தனை வருஷத்தில் என் சிடுசிடுப்பைப் பற்றி யாரும் அப்படிப் பேசியதில்லை. நானும் யோசித்ததில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நீங்கள் கூப்பிட்டிருக்கிறீர்கள். எனக்குக் கேட்கவில்லை. நீங்கள் பொய் சொன்னதாக உங்கள் மகனிடமே சொன்னேன். கை ஒடிந்து கிடந்து கூப்பிட்ட குரல் காதில் விழாமல் டீ குடித்துவிட்டு, வந்து உங்களையே திட்டினேன். பக்கத்தில் நிற்கிற பெண்ணின் கையில் தையல் போட்டிருக்கிறார்கள். அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "விடுக்கா, காதுன்னு தெரியாம உன்னை நாங்க என்னென்னவோ பேசிட்டோம்" என்றாள். அவள் பெருந்தன்மை எனக்கு இன்னும் வலித்தது.

உங்களிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. காலில் விழச் சொன்னால் வந்து விழுகிறேன். நீங்கள் அன்றைக்கு நினைத்ததில் தப்பே இல்லை. தப்பு எல்லாம் என்மேல்தான்.

உங்கள் மருமகள்


ஜூலை 5

மருமகளுக்கு,

'தப்பு எல்லாம் என்மேல்தான்' என்ற வரியைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அந்த வரியை நான் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது.

உன் காது விஷயம் எனக்கு முன்பே தெரியும்.

இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் நீ அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாய். நான் பின்னால் நின்று, "இந்த வீட்டுல ஒரு பொருள் வச்ச இடத்துல இருந்தா அதிசயம்தான்" என்றேன். சண்டை வரப்போகிறது என்று பயந்தேன். நீ பாட்டுக்கு நறுக்கிக்கொண்டிருந்தாய். அடுத்த நாளும் அதே மாதிரி வேறொன்று சொன்னேன். அதற்கடுத்த நாளும். பத்து நாளில் எனக்குப் புரிந்துவிட்டது. ஐயோ, இந்தப் பெண்ணுக்குக் காது போகிறதே என்று பதறியிருக்க வேண்டும். உன் புருஷனிடம் சொல்லியிருக்க வேண்டும். உன்னையே கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போயிருக்க வேண்டும். நான் செய்யவில்லை.

வாயை மூடியே சம்பளம் வாங்கியவள் நான். வீட்டுக்கு வந்தால் உன் மாமனாருக்கு எதிரே பேசக்கூடாது, அவர் போன பிறகு மகனுக்கு எதிரே பேசக்கூடாது. மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்வதற்கு எனக்கு முதன்முதலாகக் கிடைத்த இடம் உன் முதுகு. வீட்டைப் பற்றி, உன் சமையலைப் பற்றி, உன் பிறந்த வீட்டைப் பற்றி, என் தலையெழுத்தைப் பற்றி எல்லாம் உனக்குப் பின்னால் நின்று பேசினேன். சில சமயம் உனக்கு ஏதோ எட்டும். திரும்பி "என்ன?" என்பாய். நான் "ஒண்ணுமில்ல" என்பேன். மறுபடி கேட்பாய், மறுபடி அதையே சொல்வேன். உன் முகம் சிவக்கும். நீ கத்துவாய். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி என் அறைக்குப் போய்விடுவேன். அக்கம்பக்கத்தில், பாவம் அந்த அம்மா, வாயில்லாப் பூச்சி என்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. நீ சிடுமூஞ்சி ஆனதாக எல்லோரிடமும் சொன்னவள் நான். உன்னைக் கிள்ளிக் கிள்ளி அப்படி ஆக்கியதில் எனக்குப் பங்கு உண்டு என்று யாரிடமும் சொல்லவில்லை.

இனி அன்றைக்கு நடந்தது. கூப்பிட்டது உண்மை. என் குரலில் கூப்பிட்டேன். அது உனக்குக் கேட்காது என்று தெரிந்துதான் கூப்பிட்டேன். என் வலது கைக்கு எட்டும் இடத்தில் தகர வாளி இருந்தது. அதைத் தரையில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் நீ ஓடி வந்திருப்பாய். அதைப் பார்த்தேன். தட்டவில்லை. வலி உயிர் போகிற மாதிரி இருந்தது, அப்போதும் தட்டவில்லை. நான் கூப்பிட்டும் நீ வரவில்லை என்று ஆகட்டும் என்று இருந்துவிட்டேன். அப்படியே ஆனது. அதைத்தான் மகளிடம் சொன்னேன், அதைத்தான் அவள் அண்ணனிடம் சொன்னாள்.

நேற்று மாப்பிள்ளையையும் மகளையும் உட்காரவைத்து இதையெல்லாம் சொன்னேன். "கொஞ்சம் சத்தமா சொல்லும்மா" என்றாள் மகள். சத்தமாகவே சொன்னேன். பாதியில் மாப்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டார். உன் புருஷனுக்கும் போனில் சொல்லிவிட்டேன். லைன் போய்விட்டதோ என்று "இருக்கியாப்பா" என்று கேட்டேன். "இருக்கேன்" என்றான், அவ்வளவுதான்.

மகள் வீட்டில் என்னிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது நியாயம்தான். நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அங்கே வரலாமா கூடாதா என்று மட்டும் சொல். கூடாது என்றால் ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

அத்தை


ஜூலை 14

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன். வந்து மறுபடி எடுத்துப் படித்தேன். ஒரு வாரமாக இதுதான் வேலை.

எனக்கு உங்கள்மேல் கோபம் வந்திருக்கிறது. எரிச்சல் வேறு, இது வேறு என்று இப்போதுதான் தெரிகிறது. எரிச்சல் யார்மேல், எதற்கு என்று எனக்கே தெரியாமல் வரும். டம்ளர்மேல் வரும், கதவுமேல் வரும், குறுக்கே வந்த பூனைமேல் வரும். வந்து போன பிறகு என்மேலேயே அருவருப்பாக இருக்கும். இந்தக் கோபத்தில் அந்த அருவருப்பு இல்லை. யார்மேல் என்று தெரிகிறது, எதற்கு என்று தெரிகிறது. மூன்று வருஷம் நான் ஒரு கெட்ட பொம்பளை என்று நம்பிக்கொண்டிருந்தேன் அத்தை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அதை நான் சீக்கிரம் மறக்க மாட்டேன். மறந்த மாதிரி நடிக்கவும் எனக்கு வராது.

உங்கள் மகன் போன் செய்தார். மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. "லீவுக்கு வாங்க, நேர்ல பேசிக்கலாம்" என்றேன். வீட்டுக்குத்தான் வருகிறார்.

காதில் கருவி வைத்திருக்கிறார்கள். முதல் நாள் தெருவில் நடக்கும்போது யாரோ பின்னாலேயே வருகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். என் செருப்புச் சத்தம்தான் அது. வீட்டுக்கு வந்து கீழ்வீட்டு அம்மாவிடம் தண்ணீர் வந்ததா என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்டது. அந்த அம்மா ஏன் எப்போதும் ஒரு அடி தள்ளி நின்று பதில் சொல்கிறார் என்பதும் புரிந்தது. உங்களிடமும் அந்தக் குரலில்தானே இத்தனை நாள் பேசியிருக்கிறேன்.

உங்களுக்கு என்ன எழுதுவது என்று யோசித்தபோது, கோபத்தோடு கோபமாக ஒரு கேள்வியும் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு எனக்குக் காது நன்றாக இருந்து, உங்கள் குரல் கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? ஓடி வந்திருப்பேன் என்றுதான் முதலில் சொல்லிக்கொண்டேன். உங்களுக்கும் அப்படித்தான் எழுதினேன், சாமி பெயரையும் இழுத்தேன். ஆனால் அன்று சாயந்திரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது என் மனசில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அத்தை உள்ளே இருக்கிறார், கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கட்டும், என் முகத்துக்கு எதிரே வராமல் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் முதல் வாய் குடித்தேன். நீங்கள் விழுந்தது தெரியாது, அது சத்தியம். ஆனால் உங்கள் குரல் கேட்டிருந்தால், சோப்பு வேண்டும் என்பார், துண்டு வேண்டும் என்பார், கூப்பிட்டுக்கொண்டே இருக்கட்டும், குடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்திருப்பேன். என்னை எனக்குத் தெரியாதா?

இதை உங்கள் மகனிடம் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன். இதைத் தெரிந்துகொண்டு என்னோடு ஒரே வீட்டில் இருக்க முடியும் என்றால் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. பஸ் நிலையத்தில் நிற்பேன். பையை நீங்கள் தூக்க வேண்டாம்.

மருமகள்